மைக் கோளாறு, முப்பத்தேழு இடம்

ஜாபெஸ் அந்த ஒலிப்பதிவை நாலாவது தடவையாக முதலிலிருந்து ஓடவிட்டான். இருபத்து நாலு நிமிடம், மூன்று பேர் குரல். தாராவியில் நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்துக்குள் இரும்பு ஏணி வைத்து ஏறுகிற மாடி அறை. நிமிர்ந்து நின்றால் தகரம் தலையில் இடிக்கும். மடியில் பரீட்சை அட்டை, அட்டையில் ஒரு தாள், கையில் பேனா. பேனாவின் பித்தானைக் கட்டைவிரல் டிக் டிக் என்று அமுக்கிக்கொண்டே இருந்தது. அது அமுக்குவது அவனுக்கே தெரியாது.

தாளில் மூன்று பெயர்கள் இருந்தன. ஜாபெஸ், கௌசிக், ஷைஸ்தா. யார் எந்த வினாடியில் என்ன சொன்னார்கள், எங்கே சும்மா இருந்தார்கள், எங்கே தப்பு என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டு எழுதியிருந்தான். ஷைஸ்தாவின் பெயருக்குக் கீழேதான் கூட்டம். ‘பேச்சு இல்லை.’ ‘பேச்சு இல்லை.’ ‘மைக் கோளாறு, 2.’ ‘பேச்சு இல்லை.’ ‘மைக் கோளாறு, 1.’

போனில் விளையாடுகிற துப்பாக்கி விளையாட்டு அது. மும்மூன்று பேராக இருபது அணிகள் ஒரு தீவில் இறங்கும். தீவைச் சுற்றி நெருப்பு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். கடைசிவரை சாகாமல் நின்றவர்கள் ஜெயித்தவர்கள். ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. காதில் குரல் மட்டும்தான். மும்பை அளவில் போட்டி வைத்திருந்தார்கள். முதல் சுற்று நேற்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிந்தது. பத்து அணிகள் மேலே போகலாம். இவர்கள் பத்தாவதாக வந்தார்கள், அதுவும் பதினோராவது அணியில் ஒருவனுக்கு போன் சார்ஜ் தீர்ந்துபோனதால்.

இரண்டாம் சுற்று இன்று ஏழு மணிக்கு. அதற்கு முன்னால், ஆறு மணிக்குள், ஒரே ஓர் ஆளை மாற்றிக்கொள்ளலாம். மாற்றுகிற பொத்தான் கேப்டனுடைய போனில் மட்டும் இருக்கும். கேப்டன் ஜாபெஸ்.

நேற்று ஆட்டம் முடிந்த கையோடு மூன்று பேர் குழுவில் ஒரு குரல் செய்தி போட்டான். “ரெக்கார்டிங் எங்கிட்ட இருக்கு. மார்க் போடுதேன். யாருக்குக் கம்மியோ அவங்க வெளிய. நானா இருந்தாலும் சரி, ரூல்னா ரூல்.” கடைசி வாக்கியத்தைப் பேச்சுக்குத்தான் சேர்த்தான். அதற்கு முன்பே பாண்டுப்பில் இருக்கும் சித்தி மகன் ஸ்டெர்லினுக்கு போன் போட்டு, “நாளைக்கு லீவு போடுல, உனக்கு எடம் ஆச்சு” என்று சொல்லிவிட்டிருந்தான். ஸ்டெர்லின் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் இருக்கிறான். அவன் குறி தப்பாது. பேசவும் பேசுவான்.

கீழே சேசம்மாள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு ஏணியைத் தட்டினாள். பைகளுக்கு ஜிப் தைக்கிற வேலை அவளுக்கு. “ஏலே, நேத்து யாருகிட்டல அந்தக் கத்து கத்துன? பக்கத்து வீட்டுக்காரி வந்து கேக்கா, ஒம் மவனுக்குக் கோட்டி புடிச்சிருக்கான்னு.”

“வெளையாட்டும்மா.”

“வேலைக்குப் போனப்பவும் போன்ல பேசுன. இப்பவும் போன்லதான் பேசுத. அப்பச் சம்பளம் வந்துது.”

பேனா டிக் டிக் என்றது.

*

சம்பளம் வந்த வேலை மலாடில். ராத்திரி ஒன்பதுக்குப் போய்க் காலை ஆறுக்கு வருகிற கால் சென்டர். அமெரிக்காக்காரன் துணி துவைக்கிற மிஷின் ஓடவில்லை என்று கூப்பிடுவான். இங்கே ஜாபெஸ் ‘ஜேம்ஸ்’ என்ற பெயரில் வருத்தம் தெரிவிப்பான். ஒவ்வொரு அழைப்பும் பதிவாகும். அதில் சிலதைக் குவாலிட்டிக்காரன் என்று ஒருத்தன் உட்கார்ந்து கேட்டு மார்க் போடுவான். ஆறு வினாடிக்கு மேல் லைனில் பேச்சு இல்லையென்றால் அதற்கு டெட் ஏர் என்று பெயர், மார்க் போகும். சில தப்புகளுக்கு ஃபேட்டல் என்று பெயர். ஒரு ஃபேட்டல் விழுந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் அழைப்பு மொத்தத்துக்கும் பூஜ்யம்.

ஒருநாள் ஒரு கிழவன் கூப்பிட்டான். மிஷின் பெண்டாட்டி பெயரில் இருக்கிறது, பெயரை மாற்ற வேண்டும், அவள் போன செவ்வாய்க்கிழமை செத்துப்போனாள் என்றான். சொல்லிவிட்டு அழுதான். ஜாபெஸுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அழுது முடிக்கட்டும் என்று சும்மா இருந்தான். ஐம்பத்திரண்டு வினாடி. அந்த அழைப்புதான் தணிக்கைக்குப் போனது. பூஜ்யம். குவாலிட்டிக்காரன் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து அந்த ஐம்பத்திரண்டு வினாடியை அவனுக்குப் போட்டுக் காட்டினான். “யே கியா ஹை, பாஸ்? சோ கயே தே கியா?” தூங்கிவிட்டாயா என்று கேட்டான். அடுத்த வாரம் ஜாபெஸ் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. அவ்வளவுதான்.

வேலையை விட்டான், ஆனால் அந்த வேலை அவனை விடவில்லை. ராத்திரித் தூக்கம் போனது போனதுதான். வாயும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. எங்கேயாவது நாலு வினாடி யாரும் பேசாமல் இருந்தால் அவனுக்குள் ஏதோ எண்ண ஆரம்பிக்கும். ஆறு வருவதற்குள் அவன் எதையாவது பேசிவிடுவான். கேப்டனுக்கு அது நல்ல குணம் என்று நினைத்திருந்தான். வீடு தெரியுது, ஏறு, ஏறாத, குண்டு எத்தனை இருக்கு, லெஃப்ட்டப் பாரு, நான் வாரேன், வரல, இரு, போ. மூச்சு விடாமல் வழிநடத்துவான்.

கௌசிக் அதற்குப் பதில் சொல்வான். மாட்டுங்காவில் சி.ஏ. படிக்கிற பையன், அப்பாவுக்கு வங்கி வேலை, பாலக்காட்டுக் குடும்பம். ஷைஸ்தா சொல்ல மாட்டாள். செம்பூரில் இருக்கிறாள், பி.காம். இரண்டாம் வருஷம், அவனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சேர்ந்து ஆடிய எட்டு மாதத்தில் அவள் மொத்தம் முப்பது வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அதோடு அவள் மைக்கில் அடிக்கடி ஒரு சத்தம் வேறு, டொக் டொக் என்று. மைக்கை மாற்று என்று எத்தனை தடவை சொல்லியிருப்பான்.

பதிவின் பதினேழாவது நிமிடத்தில், ஜாபெஸ் செத்துப்போகிற இடம் வந்தது. பின்னால் வந்தவன் சுட்டான். அதற்கு முன்னால் பதினாலு வினாடி ஷைஸ்தா வாயே திறக்கவில்லை, அவள்தான் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பதினாலு வினாடியைத் தனியாக வெட்டி எடுத்து வைத்தான். அதன் நேரே சிவப்பு மையால் எழுதினான்: ஃபேட்டல்.

கூட்டிப் பார்த்தான். தனக்கு 91. கௌசிக்குக்கு 84. ஷைஸ்தாவுக்குப் பூஜ்யம்.

*

நாலு மணிக்கு கிங்ஸ் சர்க்கிளில், ஓட்டல் மாடியில் சந்திப்பதாக ஏற்பாடு. லேபர் கேம்ப் வழியாக நடந்தே போனான். பஸ் கிடைத்திருக்கும், ஆனால் உட்கார முடியாது போல இருந்தது.

கௌசிக் ஏற்கெனவே வந்து ஃபில்டர் காபியை ஆற்றிக்கொண்டிருந்தான். எதிரில் கறுப்பு முக்காடு போட்ட, குள்ளமான ஒரு பெண் ரவா தோசையைப் பிய்த்தபடி சத்தமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். ஜாபெஸ் நின்றுவிட்டான்.

“வாங்க ஜாபெஸண்ணே,” என்றாள். “மார்க் ஷீட்டு கொண்டாந்தீங்களா?”

“நீயா ஷைஸ்தா? இவ்ளோ பேசுவியா நீ?”

“எடம் இருந்தாப் பேசுவேன்.”

அவன் உட்கார்ந்து தாளை மேசையில் வைத்தான். கௌசிக் அதைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். “நோக்கு நீயே தொண்ணூத்தொண்ணு போட்டுண்டியாடா?”

“எனக்கு டெட் ஏர் கெடையாது. எங்கயும் இல்ல. வேணும்னா கேட்டுக்க.”

“எப்படி இருக்கும்? நீ மூச்சு விட்டாத்தானே.”

“ஜோக்கடிக்காதல. நேத்து நாம பத்தாவது. எதுக்கு? ஒருத்தி வாயத் தொறக்கல, அதான்.” அவளைப் பார்த்தான். “கோவப்படாத. நான் ஆளப் பாத்து மார்க் போடல. ரெக்கார்டிங்கப் பாத்துப் போட்டேன்.”

“போடுங்க, கேப்போம்,” என்றாள் ஷைஸ்தா.

வெட்டி வைத்த பதினாலு வினாடியை ஓடவிட்டான். போனிலிருந்து அவன் குரலே கேட்டது: “ஏறுல ஏறுல, மாடிக்குப் போ, குண்டு எடுத்தியா, எடுக்கலயா, சரி நான் பாத்துக்கிடுதேன், நீ ஜன்னலப் பாரு...” அந்தக் குரலுக்கு அடியில், வெகு தூரத்தில், டொக் டொக் டொக். பிறகு துப்பாக்கிச் சத்தம். பிறகு அவனுடைய கெட்ட வார்த்தை.

“பாத்தியா? பதினாலு செகண்டு. ஒரு வார்த்தை வந்துதா?”

கௌசிக் காபி டம்ளரைக் கீழே வைத்தான். “திரும்பப் போடு.”

போட்டான்.

“மூணு,” என்றான் கௌசிக். “மூணு தட்டறா. கேக்கலியா நோக்கு?”

“அது மைக் கோளாறுல. எழுதியிருக்கேன் பாரு, பதினேழு நாப்பத்தாறு, மைக் கோளாறு, 3.”

கௌசிக் தாளைக் கையில் எடுத்துக்கொண்டான். விரலை மேலிருந்து கீழே ஓட்டினான். விரல் மெதுவாகப் போயிற்று. பிறகு அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பை நிறுத்த முடியாமல் தாளை ஷைஸ்தா பக்கம் தள்ளினான். அவள் சிரிக்கவில்லை. கை கழுவாமல் இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

“எல்லாத்தையும் எழுதிட்டாரு,” என்றாள். “ஒண்ணு கூட விடல.”

“எதை?”

“ஒண்ணு தட்டினா லெஃப்ட். ரெண்டுன்னா ரைட். மூணுன்னா பின்னாடி,” என்றான் கௌசிக். “எட்டு மாசமா அவ தட்டிண்டிருக்கா. நேத்து பின்னாலேர்ந்து ஒருத்தன் வந்தானே, நான் மட்டும் எப்படித் தப்பிச்சேன்னு யோசிச்சியா? மூணு தட்டு கேட்டேன், திரும்பினேன். நீ ஜன்னலப் பாரு, ஜன்னலப் பாருன்னு கத்திண்டு செத்துப்போனே.”

ஜாபெஸின் கை பேனாவைத் தேடியது. பேனா கிடைத்தது. டிக் டிக்.

“எதுக்குத் தட்டணும்? வாயால சொன்னா என்ன?”

“எங்க வீடு ஒரே ரூம்,” என்றாள் ஷைஸ்தா. “உம்மா டியூஷன் எடுக்கிறாங்க. சாயங்காலம் ஆறுலேர்ந்து எட்டு. பதினெட்டுப் பிள்ளைங்க. நான் பீரோவுக்குப் பின்னாடி உக்காந்து வெளையாடுறேன். வாயத் தொறந்தா அத்தனையும் திரும்பிப் பாக்கும். அப்புறம் உம்மா போனப் புடுங்கிருவாங்க. அதான் மைக்க நகத்தால தட்டுறேன்.”

“இத எங்கிட்டச் சொல்லலாம்லா?”

“சொன்னேன். மொத வாரமே சொன்னேன். மூணாவது வாரம் திரும்பச் சொன்னேன். நீங்க மைக்க மாத்துன்னீங்க.”

“நானும் ஒரு தடவை சொன்னேன்டா,” என்றான் கௌசிக். “நீ பேசிண்டிருந்தே.”

“அப்ப எனக்குத் தெரியாம நீங்க ரெண்டு பேரும் தனியா ஒரு டீம் நடத்திருக்கீங்க.”

“ஆமாம்,” என்றாள் அவள். “பின்ன என்ன செய்றது?”

சர்வர் வந்து வேறு என்ன வேண்டும் என்றான். யாரும் பேசவில்லை. ஜாபெஸுக்குள் எண்ணிக்கை ஓடியது, ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் எழுந்தான். தாளை உருவிக்கொண்டு, “ஆறு மணி வர டைம் இருக்கு,” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

*

கிங்ஸ் சர்க்கிள் நடுவில் இருக்கிற வட்டத் தோட்டத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தான். எழுந்தான். சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு சுற்று நடந்துவிட்டு அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். வண்டிகள் நாலாபக்கமும் சுற்றிக்கொண்டிருந்தன. காதில் இயர்போனை அழுத்தி வைத்து, சத்தத்தை முழுவதும் ஏற்றி, பதிவை முதலிலிருந்து விட்டான்.

இந்தத் தடவை தட்டுகளை மட்டும் கேட்டான்.

தட்டு வந்த இடங்களில் பாதியில் கௌசிக் திரும்பியிருந்தான். ஒரு தட்டு, இடப்பக்கம் கௌசிக்கின் துப்பாக்கி. இரண்டு தட்டு, அவன் ஓடுகிற சத்தம். ஒன்றிரண்டு இடத்தில் அவள் தட்டி முடித்ததும் அவன் “ம்” என்றான். அந்த “ம்” தனக்குச் சொன்ன பதில் என்று ஜாபெஸ் இத்தனை நாள் நினைத்திருந்தான். தட்டுகளுக்கும் பின்னால், இன்னும் தூரத்தில், பிள்ளைகள் கூட்டமாக மராத்தியில் இரண்டாம் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். பே ஏகே பே, பே துணே சார். நாலு தடவை கேட்டும் அது காதில் விழவில்லை.

பழைய பதிவுகள் எல்லாம் போனில் இருந்தன. மூன்றாவது வாரத்தைத் தேடி எடுத்தான். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் மூன்று பேரும் காத்திருக்கும் நேரம். அவன் குரல் ஆற்று வெள்ளம் மாதிரி போய்க்கொண்டிருந்தது. அதற்கு அடியில் ஷைஸ்தா குசுகுசுவென்று: “அண்ணே, ஒரு நிமிஷம், நான் ரெண்டு தட்டுனா ரைட்டுன்னு...” உடனே அவன்: “ஷைஸ்தா, மைக்கு சரியில்ல, கரகரங்கு. மாத்து. சரி எல்லாரும் ரெடியா?”

பேனாவை எடுத்தான். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் தன் பெயரை எழுதினான். அவள் தட்டியது முப்பத்தேழு இடம். அதில் அவன் பேச்சு மேலே விழுந்து அமுக்கியது எத்தனை என்று கோடு போட்டு எண்ணினான். இருபத்தொன்பது. மீதி எட்டு இடம் அவன் செத்த பிறகு.

இருபத்தொன்பது ஃபேட்டல். ஒன்று விழுந்தாலே பூஜ்யம். குவாலிட்டிக்காரன் இந்தத் தாளைப் பார்த்தால் கை தட்டுவான்.

இது தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்தான். பொத்தான் தன்னிடம்தான் இருக்கிறது. ஷைஸ்தா பெயரை எடுத்துவிட்டு ஸ்டெர்லினைப் போட்டால் யாரும் தடுக்க முடியாது. கௌசிக் விலகுவான், விலகட்டும், இரண்டு பேரை வைத்து ஆடலாம். ரூலை மாற்றலாம். ரூல் நான் போட்டதுதானே. இப்படி ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். எதை நினைத்தாலும் அந்த டொக் டொக் டொக்தான் கேட்டது.

ஐந்து நாற்பதுக்கு ஸ்டெர்லின் வந்தான். சலவை செய்த சட்டை, தலையில் எண்ணெய், கையில் புது இயர்போன்.

“அண்ணே, ட்ரெயின்ல செம கூட்டம். எம் பேரு ஏத்தியாச்சா?”

“இப்பத்தான்.”

“யாரத் தூக்குத? அந்த ஊமப் பிள்ளையத்தான?”

ஜாபெஸ் போனைத் திறந்தான். மூன்று பெயர்கள் வரிசையாக இருந்தன. விரல் தன் பெயரின் மேல் போய் நின்றது. இதில் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. மார்க் வேறு மாதிரி வந்திருந்தால் இந்நேரம் அவளைத் தூக்கியிருப்பான். ரூல்னா ரூல். அதோடு உள்ளுக்குள் ஒரு கறுவலும் இருந்தது: நான் இல்லாமல் போய்ப் பார்க்கட்டும், தட்டிக்கொண்டே இருக்கட்டும்.

“என்னண்ணே, ஒம் பேர அமுக்குத?”

“பேசாம இருல.”

தோட்டத்துக் கேட்டைத் தள்ளிக்கொண்டு கௌசிக் வந்தான். பின்னால் ஷைஸ்தா. அவளுக்கு ஆறே காலுக்குப் பஸ் பிடிக்க வேண்டும். கௌசிக் எட்டிப் போனைப் பார்த்தான். “என்னடா பண்றே? உன்னையே தூக்கிக்கறியா?”

“இருபத்தொம்போது ஃபேட்டல். எண்ணிட்டேன்.” தாளின் பின்பக்கத்தைக் காட்டினான். “யாருக்குக் கம்மியோ அவங்க வெளிய. சொன்னேன்லா.”

“வாய மூடுன்னு சொன்னோம். வெளியில போன்னு யார் சொன்னா?”

ஷைஸ்தா தாளை வாங்கவில்லை. “இந்த மார்க் போடுற முறைய யாரு சொல்லிக்குடுத்தா உங்களுக்கு?”

“கம்பெனில.”

“உங்களுக்கு சைபர் போட்ட கம்பெனியா?”

அந்தக் கதையையும் அவன்தான் ஆட்டத்துக்கு நடுவே அவர்களிடம் சொல்லியிருந்தான், பல தடவை.

“நல்லாப் பழக்கிட்டானுவ,” என்றாள். “அவன் உங்களுக்குச் செஞ்சத நீங்க எங்களுக்குச் செய்றீங்க. விடுங்க. நான் ஒண்ணு சொல்றேன். உங்க மேல பாசமெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா முப்பத்தேழு தட்டையும் டைம் போட்டு எழுதியிருக்கீங்க. கௌசிக்குக்கே பாதிதான் கேக்கும். அவ்ளோ சத்தத்துல இதக் கேக்குற காது உங்களுக்கு இருக்கு. இவருக்கு,” என்று ஸ்டெர்லினைக் காட்டினாள், “நான் இன்னைக்கு மொதல்லேர்ந்து சொல்லிக் குடுக்கணும். உங்களுக்குச் சும்மா இருக்க மட்டும் சொல்லிக் குடுத்தாப் போதும்.”

“யாரும்மா நீ, என்னத் தள்ளிப் பேச?” என்றான் ஸ்டெர்லின். “அண்ணே, லீவு போட்டுட்டு வந்திருக்கேன். அமுக்குண்ணே.”

ஐந்து ஐம்பத்தாறு. ஜாபெஸின் கட்டைவிரல் போனுக்கு மேலேயே நின்றது. எல்லோரும் அவன் கையைப் பார்த்தார்கள். ஐம்பத்தெட்டு. அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கையையும் அதன் மேலேயே வைத்துக்கொண்டான், தானே திரும்ப எடுத்துவிடுவானோ என்று பயந்த மாதிரி. ஆறடித்ததும் பையிலிருந்து ஒரு சின்ன மணி கேட்டது. பட்டியல் மூடிவிட்டது.

“ஸ்டெர்லின், ஏத்தலடே,” என்றான்.

ஸ்டெர்லின் புது இயர்போனைத் திரும்ப அதன் டப்பாவிலேயே போட்டு மூடினான். “நீ வேலைய விட்டப்போ ஊரெல்லாம் சிரிச்சுது, நான் மட்டும் சிரிக்கல. இனிம எனக்கு போன் போடாத.” கேட்டை அறைந்து சாத்திவிட்டு ஸ்டேஷன் பக்கம் போனான். ஜாபெஸ் பின்னால் ஓட ஓர் எட்டு வைத்தான், பிறகு நின்றான். போய் என்ன சொல்வது?

“ஏழு மணிக்கு,” என்றாள் ஷைஸ்தா, பஸ் வந்த பக்கம் ஓடிக்கொண்டே. “பேசாதீங்க!”

*

ஏழு மணிக்கு அவன் ஏணி ஏறி உட்கார்ந்தபோது வாயில் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தான். வேடிக்கைக்கு அல்ல. இல்லாவிட்டால் முடியாது என்று தெரியும்.

பத்து அணிகள். ஐந்து அணிகள் இறுதிக்குப் போகும். தீவில் இறங்கினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு வினாடி. ஆறு தாண்டியபோது முதுகில் வேர்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. யாரும் வந்து கண்ணாடி அறைக்குள் கூப்பிடவில்லை. காதில் புல் உரசுகிற சத்தம், எங்கோ கதவு திறக்கிற சத்தம், பே ஏகே பே. டொக் டொக். வலது. திரும்பினான், ஒருவன் சுவரேறிக்கொண்டிருந்தான். சுட்டான். அவன் விழுந்தான்.

இப்படியே பதினோரு நிமிடம். எட்டு மாதத்தில் ஆடாத ஆட்டம். டொக், இடது. டொக் டொக், வலது. மூன்று பேரும் ஒரே உடம்பு மாதிரி வீட்டுக்கு வீடு நகர்ந்தார்கள். அணிகள் எட்டாயின, ஏழாயின. பாலத்தடியில் ஜாபெஸ் ஒரே மூச்சில் இரண்டு பேரைச் சாய்த்தான். துண்டு வாயிலிருந்து நழுவியது.

“போட்டேம்ல! ரெண்டையும் போட்டேம்ல!”

அந்தக் கத்தலுக்கு அடியில் மூன்று தட்டுகள் போயின. மூன்றாவது ஆள் பின்னால் இருந்தான். ஜாபெஸின் திரை சாம்பல் நிறமாயிற்று.

கௌசிக் ஒரு வார்த்தை திட்டினான். அதோடு நிறுத்திக்கொண்டான். செத்தவன் கூட்டாளிகள் ஆடுவதைப் பார்க்கலாம். பேசினால் அவர்களுக்குக் கேட்கும். ஜாபெஸ் துண்டை எடுத்துத் திரும்பக் கடித்தான். வாய் மூடிவிட்டது. கையை மறந்துவிட்டான். கை பரீட்சை அட்டையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டது, அதன் பாட்டுக்குப் பித்தானை அமுக்கியது. மைக்குக்குப் பக்கத்தில்.

டிக்.

கௌசிக் இடப்பக்கம் திரும்பினான். அங்கே யாரும் இல்லை. சுடுகிறவன் வலப்பக்கம் இருந்தான்.

“யாருடா தட்டினது?” என்றான் கௌசிக், செத்த பிறகு. “ஷைஸ்தா, நீயா?”

பதில் இல்லை. அவள் தட்டவும் இல்லை. இனி யாருக்குத் தட்டுவது? ஜாபெஸ் கையிலிருந்த பேனாவைப் பார்த்தான். அதை ஏணி ஓட்டை வழியாகக் கீழே எறிந்தான். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தான்.

ஆறு அணிகள் மிச்சம். ஷைஸ்தா தனியாக ஒரு புதருக்குள் குனிந்திருந்தாள். நெருப்பு வட்டம் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. ஒருவன் பாறை ஓரமாக அவளை நோக்கி நடந்து வந்தான். திரையில் ஜாபெஸுக்கும் அவன் தெரிந்தான். ரைட்ல, ரைட்ல என்று தொண்டைக்குள் குரல் முட்டியது. அவளுக்கும் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால்? வந்தவனின் காலடிச் சத்தம் காதில் கேட்டது. வாயைத் திறந்தால் அவளுக்கு அந்தக் காலடி கேட்காது. துண்டின் நூல் பல்லில் சிக்கியது. கௌசிக்கும் மூச்சு விடவில்லை. பே நவே அட்டரா, பே தாஹே வீஸ். பிள்ளைகள் வாய்ப்பாட்டை முடித்து நிறுத்தினார்கள்.

பத்து வினாடி. இருபது. வந்தவன் புதருக்குப் பக்கத்தில் நின்றான். அவள் சுடவில்லை. அவன் தாண்டிப் போனான். முப்பத்தைந்து. நாற்பது. தீவின் அந்தக் கோடியில் எங்கோ துப்பாக்கிகள் வெடித்தன. திரையின் மூலையில் ஆறு என்றிருந்த எண் ஐந்தாக மாறியது.

யாரும் கத்தவில்லை. ஆட்டம் இன்னும் முடியவில்லை, அவள் இன்னும் புதருக்குள்தான் இருந்தாள். ஜாபெஸ் கைகளை எடுக்கவில்லை. எண்ணுவதை எப்போது விட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை.

கீழே தையல் மிஷின் நின்றது. சேசம்மாள் ஏணியைத் தட்டினாள்.

“ஏலே ஜாபெஸு, பேனாவத் தூக்கி எறிஞ்ச, அப்புறம் சத்தத்தையே காணும்? உசுரோட இருக்கியால?”